இரண்டாவது பிரேக்

உலகத்தில் நோயால் செத்தவர்களைவிட, பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து செத்தவர்களே அதிகம். இது பிரேக் மாஸ்டரின் முடிந்த முடிவு. ஆதாரம் கேட்டவர்களிடம், செத்தவர்கள் எப்படி எழுந்து வந்து சாட்சி சொல்வார்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு இதுவரை யாரிடமும் பதில் இருந்ததில்லை. ஆகவே முடிவு நிலைத்துவிட்டது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவர் திட்டித் திருத்தியவை. கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்துக்கு வைத்திருந்தார்கள். இவர் அபிப்பிராயத்துக்கு வைத்திருந்தார். மாணவன் கியரைத் தாமதமாக மாற்றினால் பிரேக். கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் பிரேக். கியர் இல்லாத கார்தான் சார் சௌகரியம் என்று ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னதற்கும் பிரேக். அந்தப் பையனின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்து வீங்கியதில்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது. மாஸ்டர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி விஷயத்திலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பெண் கொடுக்கிற வீட்டை விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும். அதுவும் உடம்பு நன்றாக இருக்கும்போதே. வலிக்கிறது என்று முதல் வாசலுக்குள் ஓடுவது மாட்டுக்குச் சரி, மனிதனுக்குச் சரியல்ல. அப்படி ஓய்வுநாட்களில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்த்து அவர் ஒரு தரவரிசை வைத்திருந்தார். உள்ளே யாரையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். பாலத்துக்கு அப்பால் இருந்த கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு முதலிடம். ஏனென்றால் அங்கே வண்டி உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, நடுவில் பூச்செடி. புறவழிச்சாலையில் இருந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டாமிடம். அங்கே சரிவுப்பாதை பதமாக இருந்தது, ஆனால் காவலாளி சல்யூட் அடிக்கவில்லை. கடைசி இடம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர்த் தொட்டி தெரிகிற பொது ஆஸ்பத்திரிக்கு.

அந்தக் கடைசி இடம் சொந்த அனுபவத்தில் கொடுத்தது. முன்பொருமுறை பெயின்ட் டப்பா மூடியில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு அங்கே போயிருந்தார். விரலை உயர்த்திப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்த ஒரு பெண்ணை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்கும் பின்னால் வந்த ஒரு கிழவரை அதற்கும் முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். இருவர் உடம்பிலும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவுமில்லை. பந்திக்கு முந்துகிற ஜாதி என்று மாஸ்டர் பெஞ்சில் இருந்தவர்களுக்கு உரக்க விளக்கினார். வீட்டுக்கு வந்ததும், கட்டுப்போட்ட விரல் நீங்கலாக மற்ற விரல்களால், அந்த ஆஸ்பத்திரிக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'வரிசை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்' என்று எழுதினார். அன்றுமுதல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அடுத்த வீட்டுக்காரர் மூச்சுத்திணறலுக்கு அங்கே போய்ப் பிழைத்து வந்தபோதுகூட, அது அதிர்ஷ்டம், சிகிச்சையல்ல என்றார்.

இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. அவள் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிறவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது: குழாயில் தண்ணீர் வராதவன் கத்துவான், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டவன் மெதுவாகப் பேசுவான். கத்துகிறவர்களை அவள் காத்திருக்கச் சொல்லலாம். மெதுவாகப் பேசுகிறவர்களுக்குத்தான் எழுந்து ஓட வேண்டும். வீட்டில் அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. மாஸ்டர் எப்போதும் கத்துகிற ரகம்.

ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கட்டின மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுத்து முடிக்கவில்லை. பழகுநர் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார், புதுப்பித்தும் கொடுத்தார். தேர்வுக்கு மட்டும் அனுப்பவில்லை. இன்னும் பக்குவம் வரவில்லையாம். அவள் ஓட்டின தூரத்தைவிட அவர் பிரேக் போட்ட தூரம் அதிகம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை வகுப்பு முடிந்து வந்த மாஸ்டர், முன்னறையில் ஷூ கழற்ற உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு ஷூ கழன்றிருந்தது. மற்றொன்றின் கயிற்றைப் பிடித்தபடி, அதை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

என்னங்க என்று கேட்டாள். வாயு என்றார். வாயு நெஞ்சில் தொடங்கி, இடது தோள் வழியாக இறங்கி, திரும்பி வந்து தாடைவரை ஏறியிருந்தது. இவ்வளவு ஊர் சுற்றுகிற வாயுவை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் விலாசம் கேட்டு, இதோ கிளம்பிவிட்டது என்றார்கள். அதற்குள் மாஸ்டர் எட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"வண்டிய யாரு ஓட்டறது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் வலியைவிடவும் சுருங்கியது. "அந்த நெட்டையனா? அவனுக்கு ரிவர்ஸே வராது. எங்கிட்டதான் படிச்சான். வண்டி வேண்டாம், வெச்சுடுங்க."

கடலில் விழுந்தவன், கயிறு போட்டவனிடம் முடிச்சு சரியில்லை என்று சொல்வதைப் பார்க்கிறவளின் நிலை அவளுக்கு.

"அவன் கையில உசிரைக் குடுக்கறதுக்கு நான் இங்கயே உக்காந்து வலிச்சுக்கறேன்" என்றார் மாஸ்டர். சொன்னவர் உட்காரவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒற்றை ஷூவோடு எழுந்து, தானே ஓட்டிக்கொண்டு கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி வாசலுக்கு நடந்தார். ஓட்டுநர் பக்கக் கதவின் பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை, கைக்குத்தான் பலம் வரவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சாவியை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் சுற்றி வந்து வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. முன்னும் பின்னும் எல் போர்டு. பழகுநருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள வாத்தியார். வாத்தியார் செத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

"எங்க போறோம்னு முதல்ல பேசி முடிவு பண்ணுவோம்" என்றார்.

"பொது ஆஸ்பத்திரிக்குத்தான்."

"அப்ப நான் எறங்கிக்கறேன்."

இறங்கத் தெம்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் கால் இரண்டாவது பிரேக்கின் மேல் இருந்தது. அந்தக் காலுக்கு மட்டும் தெம்பு குறையவில்லை. வண்டியை எடுத்தாள், வண்டி வாசலிலேயே குலுங்கி நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது. இதற்குள் மாஸ்டர் தன் அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் அக்காவைக் கேட்காமல் யாரும் சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்ததில்லை. விஷயம் கேட்டதும் அக்கா பதறவில்லை. பதறுவதற்கு முன்னால் ஆலோசனை சொல்லிவிடுவது அவர் வழக்கம். புறவழிச்சாலை ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னார். தனக்குக் கல் எடுத்தது அங்கேதான், அறையின் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும், மனசுக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்றார்.

"அண்ணி, இவருக்குக் கல் இல்ல, நெஞ்சு வலி" என்றாள் அவள், கிளட்ச்சை மிதித்தபடி.

"நெஞ்சா? ஐயோ, அப்ப ஏரிப் பக்கம் கூட்டிட்டுப் போகாதே. ஈரக்காத்து ஆகாது" என்றார் அக்கா. பிறகு, எதற்கும் தன் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வதாகவும், அவர் குளிக்கப் போயிருப்பதாகவும், லைனிலேயே இருக்கும்படியும் சொன்னார். அந்தப் பக்கம் குளியலறைக் கதவு தட்டப்படுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து, தலைக்குச் சோப்பு போட்டிருப்பதாக ஒரு குரல் கேட்டது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நாத்தனார் பேசும்போது அவள் குறுக்கே பேசியதில்லை. அன்று குறுக்கே பேசவும் இல்லை. கையை நீட்டிப் போனை அணைத்தாள். மாஸ்டர் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்த அந்த ஒரு நொடியில் கால் பிரேக்கைவிட்டு எழும்பியது. வண்டி தெருவுக்கு வந்துவிட்டது.

தெருவுக்கு வந்ததோடு சரி. பிறகு அது போன விதத்தைப் போக்கு என்று சொல்ல முடியாது. முதல் வேகத்தடையில் அவள் கியரைக் குறைக்க மறந்தாள், பிரேக். பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டும் அவள் ஹார்ன் அடித்தாள். அநாவசிய ஹார்ன், பிரேக். நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கண்ணாடியைச் சுட்டிக்காட்டி, பின்னால் யார் வருகிறார்கள் என்று கேட்டார். அவள் பார்க்கவில்லை. பின்னால் எமனே வந்தாலும் எனக்குக் கவலையில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சமாளித்தால் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்வரை வந்ததை விழுங்குவது அவளுக்கு உத்தியோகத்தில் பழகினது. கோபம் கண்ணில் நீராக வந்து பாதையை மறைத்தது, தோளில் துடைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் மாஸ்டர் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் மரியாதையாக இருக்குமாம். முதலில் இசை வந்தது. பிறகு ஒரு பதிவுக்குரல், பிரசவத்துக்கு ஒன்றும், பல்லுக்கு இரண்டும், உடல் பரிசோதனைச் சலுகைக்கு மூன்றும் அழுத்தச் சொன்னது. நெஞ்சு வலிக்கு எதுவும் அழுத்தச் சொல்லவில்லை. மாஸ்டர் உடல் பரிசோதனையை அழுத்தினார். மறுபடி இசை. கடைசியில் லைனில் ஒரு பெண் வந்தாள். இருக்கும் இடத்தையும் வலி இருக்கும் இடத்தையும் கேட்டாள்.

"சார், நீங்க இவ்வளவு தூரம் வராதீங்க. பக்கத்துல எமர்ஜென்சி எங்க இருக்கோ அங்க உடனே போங்க" என்றாள்.

மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்து, அது தன்னுடைய போன்தானா என்று பார்த்தார்.

"வேலைக்குப் புதுசு போல. வர்ற ஆளை வாசல்லயே திருப்பி அனுப்புது" என்றார்.

"அவங்களே சொல்லிட்டாங்கல்ல?"

"அது சின்னப் பொண்ணு. நாம நேர்ல போயிட்டா பெரிய டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

தெருமுனையில் சிக்னல் வந்தது. நேரே போனால் பாலம். இடதுபக்கம் திரும்பினால், மருந்துக்கடைகளைத் தாண்டி, பொது ஆஸ்பத்திரியின் வாசல். சிவப்பு விளக்கில் அவள் நின்றாள். இதில் மட்டும் அவளுக்கும் மாஸ்டருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டாள். மாஸ்டர் கையை நீட்டி அதை அணைத்தார். அவள் போட்டாள். அவர் அணைத்தார். பச்சை விழுந்தது. அவள் கிளட்ச்சை விட்டாள். அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி முக்கிக்கொண்டு நின்று, அணைந்தது.

பின்னால் ஒரே ஹார்ன். ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுவந்து குனிந்து, எல் போர்டு மாட்டினால் ரோட்டையே வாடகைக்கு எடுத்ததாக அர்த்தமா என்று விசாரித்துவிட்டுப் போனார். விளக்கு மறுபடி சிவப்பானது. மாஸ்டரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை மணிமணியாக நின்றது. ஆனாலும் கால் அங்கேயே இருந்தது, ஆணி அடித்ததுபோல.

அவளுக்குள் எதுவோ அறுந்தது. கத்துவாள் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"ஏங்க, காலை எடுங்க" என்றாள். "இத்தனை வருஷம் நீங்க பிரேக் போட்டீங்க, நான் நின்னேன். இன்னிக்கு ஒரு நாள் எடுங்க. தப்பா ஓட்டினா அப்புறம் திட்டிக்கலாம். திட்டறதுக்கு நீங்க இருக்கணும்ல."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் யோசிக்கிறார் என்று நினைத்தாள். அந்தத் தரவரிசை, பூச்செடி, சல்யூட் எல்லாம் ஒருமுறை வரும், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் கை சட்டையின் இடதுபக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது; விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"லெஃப்ட்ல எடு" என்றார்.

மிக மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டவன் பேசுவதுபோல.

அவள் சாவியைத் திருகினாள். இன்ஜினை முடுக்கினாள். பச்சை விழுந்ததா, விழப்போகிறதா என்று பார்க்கவில்லை. இண்டிகேட்டர் போடவில்லை. கண்ணாடி பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மூன்றாவது கியரில், வண்டி அழ அழ இடதுபக்கம் திருப்பினாள். ஒரு பஸ் நின்று வழிவிட்டது, பயந்துதான் விட்டிருக்கும். இத்தனை பிழைகளையும் வரிசையாகச் செய்துகொண்டே அவள் ஓரக்கண்ணால் மாஸ்டரின் காலைப் பார்த்தாள். கால் பிரேக்கில் இல்லை. இருக்கைக்கடியில் இழுத்து வைத்திருந்தார், ஒற்றைச் சாக்ஸோடு. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திட்டுங்களேன் என்று அவளுக்குக் கெஞ்ச வேண்டும்போல இருந்தது.

மருந்துக்கடைகள் கடந்தன. ஆஸ்பத்திரி வாசலில், வண்டிகள் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே, குறுக்காக நிறுத்தினாள். கதவைத் திறந்து ஓடினாள். சக்கர நாற்காலியோடு ஒருவர் வந்தார். நானே நடப்பேன் என்று மாஸ்டர் சொல்வார், அதற்கு ஒரு சண்டை இருக்கிறது என்று அவள் தயாராக நின்றாள். அவர் அந்த ஆளின் தோளைப் பிடித்து, சொன்னபடி கேட்கிற மாணவன்போல, நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்கென்றே விழுந்தவர்கள், வெட்டிக்கொண்டவர்கள், வாந்தியெடுத்தவர்கள். கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தப்போகிறார்கள் என்று அவள் பயந்தாள். முன்மேசையில் இருந்த நர்ஸ் எழுந்து வந்து மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். வலி எப்போதிலிருந்து என்று கேட்டார்.

இப்பதான், அரைமணி இருக்கும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"காலையிலேர்ந்து" என்றார் மாஸ்டர். "கிளாஸ் நடுவுல ஆரம்பிச்சுது."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வலியோடு கிளாஸை முடித்திருக்கிறார். மாணவனை அவன் வீட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். அவன் ரிவர்ஸ் எடுத்ததைக் குறை சொல்லிவிட்டும் வந்திருப்பார். இப்போது எதையும் கேட்க முடியாது. கேட்க வேண்டியதை எல்லாம் தொண்டையில் அடுக்கி வைத்துக்கொண்டாள். இவர் பிழைக்கட்டும், கேட்டுக்கொள்ளலாம்.

உடனே ஈசிஜி எடுக்க வேண்டும் என்று நர்ஸ் உள்பக்கம் கையைக் காட்டினார். நாற்காலி திரும்பியது. அப்போது முதல் பெஞ்சிலிருந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார்.

"நாங்கல்லாம் எப்ப வந்தோம், இவரு எப்ப வந்தாரு? உடம்புல ஒரு காயம் இல்ல. வரிசைன்னு ஒண்ணு கிடையாதா இங்க?"

நியாயமான பேச்சு. உரக்கவும் பேசினார். பெஞ்சில் இருந்த சிலர் தலையாட்டினார்கள். நர்ஸ் அவரிடம், உங்கள் கை காத்திருக்கும், உட்காருங்கள் என்றார். அவர் உட்காரவில்லை. மாஸ்டரைப் பார்த்தே, சில பேருக்கு எல்லா இடத்திலும் முந்திக்கொண்டு போகத் தெரியும் என்றார்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். இப்போது மாஸ்டர் நாற்காலியை நிறுத்தச் சொல்வார். அந்த ஆள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பார். பெஞ்சில் போய் உட்காருவார். செய்யக்கூடியவர்தான்.

மாஸ்டர் அந்த ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு, சட்டையின் மேல் பட்டனைத் தானே கழற்றினார். உள்ளே போவதற்குள் இரண்டாவதையும் கழற்றிவிட்டார்.